வானத்திலும் ஒரு ‘ஒன் மோர்’

‘ஒன் மோர்’காரர்கள் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எடுத்த படம் எதுவும் இவர்களுக்குப் பிடிக்காது. அடுத்ததுதான் பிடிக்கும், அதுவும் எடுக்கும் வரைதான். உத்திரமேரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வேதகிரி இந்த இனத்தின் தலைமகன். மாப்பிள்ளை தாலி முடியும்போது, “முடிச்சப் புடிச்சிக்கினு அப்படியே இரு தம்பி, மாமியாரு கண்ண மூடிட்டாங்க, ஒன் மோர்!” என்பார். எடுப்பார், பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அங்கேயே அழிப்பார், மறுபடி எடுப்பார். பந்தியில் சாம்பார் ஆறும். அவருக்கென்ன?

இவரைப் போய் சுகுமார் வானத்துக்கு அழைத்தார். சுகுமார் உள்ளூர்க்காரர், விமானப்படையில் விமானி. இருபது வருடம் அவர் ஓட்டிய போர் விமானம் ஓய்வு பெறப்போகிறது. இன்னும் ஒரே ஒரு முறை பறக்கும். இறங்கியதும் காட்சிக்கு நிறுத்திவிடுவார்கள். தானும் அதுவும் வானத்தில் இருக்க ஒரு படம் வேண்டும் என்பது அவர் ஆசை. தரையிலிருந்து எடுத்தால் கொசு மாதிரிதான் தெரியும். பக்கத்தில் இன்னொரு விமானத்தில் பறந்துகொண்டே எடுக்க வேண்டும். மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினார்.

சரக்கு விமானம் மேலேறியதும் அதன் பின்கதவைத் திறந்து, இடுப்பில் பட்டை கட்டி வேதகிரியை உட்கார வைத்தார்கள். பட்டையைப் பிடித்துக்கொள்ள தேவயானி என்ற அதிகாரி. கீழே பார்த்ததும் வேதகிரி தேவயானியின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார். ஆனால் போர் விமானம் கிட்டே வந்து நின்றாற்போல் மிதந்ததும் பயம் போய்த் தொழில் வந்துவிட்டது. மைக்கில் ஆரம்பித்தார்.

“சுகுமாரு, மூக்கக் கொஞ்சம் தாழ்த்து. ஐய, ரொம்பத் தாழ்த்திட்ட, ஏத்து! வெயிலு மூஞ்சில அடிக்கிது, அந்தாண்ட வா.”

மெதுவாகப் போய்ப் பழக்கமில்லாத அந்தக் கிழ விமானம், சரக்கு விமானத்துக்கு ஈடாகத் தத்தளித்து ஊர்ந்தது. எடுத்தார், பார்த்தார், அழித்தார். பதினாறு முறை.

“அண்ணே, ஃபியூயல் கம்மியா கீது. படம் வந்துச்சா?”

“வாலாண்ட ஒரு மேகம் பேஜார் பண்ணுது. ஒன் மோர்!”

“இதுக்கு ஒன் மோர் கெடையாதுண்ணே.” சுகுமார் கையை உயர்த்திக் காட்டினார். “நான் எறங்கறேன்.”

விமானம் ஒருக்களித்து, வயிற்றைக் காட்டித் திரும்பிப் போய்விட்டது.

கேமராவில் ஒரு படம்கூட இல்லை. வேதகிரி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுகுமார் முகத்தில் எப்படி விழிப்பது?

தேவயானி தயங்கித் தன் செல்போனை நீட்டினார். “நான் ஒண்ணே ஒண்ணு எடுத்தேன் சார்.”

சாய்ந்து திரும்பும் விமானம்; கண்ணாடிக் கூண்டுக்குள் உயர்ந்த சுகுமாரின் கை; இறக்கை நுனி படத்தில் அடங்காமல் வெட்டுப்பட்டிருந்தது; மூலையில் வேதகிரியின் முழங்கை.

அந்தப் படம்தான் இப்போது சுகுமார் வீட்டுக் கூடத்தில் பெரிதாகத் தொங்குகிறது. போன மாதம் அதன் முன்னால் வெகுநேரம் நின்ற வேதகிரி, “அந்த முழங்கைய மட்டும் அழிச்சித் தரட்டா?” என்றார்.

“வாணாண்ணே. நீங்க எடுத்த படந்தான் ஒண்ணுகூட இல்ல. எடுக்காத படத்துலயாச்சும் இருங்க.”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுக் குழந்தை முதன்முதலாக நாலடி எடுத்து வைத்து உங்களிடம் வந்தபோது, “செல்லம், அங்கேயே போய் மறுபடி நடந்து வா” என்று திருப்பி அனுப்பியது யார்?