முக்கியமான காகிதம் வெளியூர் போகாது

காகிதத்தைத் தொலைப்பவர்கள் ஓர் இனம். அவர்களால் பெரிய ஆபத்து இல்லை. காகிதத்தைக் காப்பவர்கள் இன்னோர் இனம். வாசகர்களே, அஞ்ச வேண்டியது இவர்களைக் கண்டுதான்.

தளி ஊர்த் தீர்த்தகிரியைப் பாருங்கள். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கேஸ் ரசீது முதல் கல்யாணப் பத்திரிகை வரை லேமினேஷன் செய்து, உறையிட்டு, உறைக்கு எண்ணிட்டு, எண்களுக்கென்று ஒரு நோட்டும் போட்டிருப்பவர். ஜெராக்ஸ் மட்டும் எடுக்க மாட்டார். வெளிச்சம் பட்டால் எழுத்து சோர்ந்துவிடுமாம்.

அன்று ஓசூர் மருத்துவமனையில் அவருடைய மூன்று வயது மகன் இளம்பரிதிக்கு வாயின் மேலண்ணத்தில் அறுவைச் சிகிச்சை. பிறவியிலேயே சிறிய தாடை. மயக்க மருந்து டாக்டர் வீரலட்சுமி கேட்டார்:

“போன தடவை பெங்களூர்ல மூச்சுக்குக் குழாய் போடக் கஷ்டப்பட்டாங்கன்னீங்க. எது சரிப்படலை, எது சரிப்பட்டுச்சுன்னு லெட்டர் குடுத்திருப்பாங்களே?”

“குடுத்தாங்க மேடம். பத்திரமா இருக்குதுங்க.”

“எங்க?”

“பீரோவுல.”

கையில் தடித்த ஃபைல் இருந்ததே? இருந்தது. அதில் கரண்ட் பில் இருந்தது. முக்கியமில்லாத காகிதங்கள்தானே ஊர் சுற்றலாம்?

“மயங்கினதும் நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சை அடைக்கும். சின்னக் குழந்தை, ரொம்ப நேரம் தாங்காது. லெட்டர் இல்லாம உள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன். சர்ஜன் மாசத்துக்கு ஒரு நாள்தான் வர்றார். பதினோரு மணி வரைக்கும் பாக்கறேன்.”

தளி வீட்டில் மைத்துனன் வெங்கட் இருந்தான். பீரோ சாவி தீர்த்தகிரியின் அரைஞாணில் இருந்தது.

மனைவி சுசித்ரா போனை எடுத்தாள். “வெங்கட்டு, கடப்பாரை எடுத்து பீரோவ ஒடைடா.”

“ஏய், பூட்டு புதுசு! நான் பஸ்ல போயி எடுத்தாறேன்...”

“நீங்க போயி, நோட்டுல நம்பரு பாத்து, உறையப் பிரிச்சு வர்றதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடமே போயிருவான். பீரோ எங்கம்மா வூட்டு சீரு. ஒடைடா!”

போனில் கேட்ட ஒவ்வோர் இடியும் தீர்த்தகிரியின் விலாவில் விழுந்தது. மகனைப் பார்த்தார். பசியில் அழுது ஓய்ந்த பிள்ளை, தாயின் தோளில் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“ஓங்கி அடிடா!” என்றார் தீர்த்தகிரி.

கடிதத்தின் படம் வந்தது. டாக்டர் இரண்டு முறை படித்து, எடுத்து வைத்திருந்த கருவிகளில் பாதியை மாற்றச் சொன்னார். குழாய் முதல் முயற்சியிலேயே இறங்கியது. மாலையில் இளம்பரிதி கம்மிய குரலில் அழுதான். இந்தத் தடவை எது சரிப்பட்டது என்று எழுதி, டாக்டர் புதுக் கடிதம் ஒன்றைத் தந்தார்.

தீர்த்தகிரி அதை இரு கைகளாலும் வாங்கினார். “பக்கத்துல லேமினேஷன் கடை இருக்குதுங்களா?”

வாசகர்களே, சிரித்தது போதும். உங்கள் பிள்ளைக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று எழுதிய சீட்டு ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அது எங்கே என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதில் சற்றே பெருமையும் இருக்குமே?