கொசுவுக்குச் சோறு போட்ட மாப்பிள்ளை

விஞ்ஞானத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சொத்தைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். நான் கொடுத்தது என் இடது கையை, முழங்கை வரைக்கும். தினமும் காலையில், கொசுக்களுக்கு.

சிரிக்காதீர்கள். அதற்குச் சம்பளம் உண்டு.

அறுபதுகளின் நடுவில் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவை அளந்துகொண்டிருந்தேன். (பட்டம் வாங்கினவன் தறியில் உட்காரக் கூடாது என்பது என் கொள்கை. வேளாவேளைக்குச் சாப்பாட்டில் உட்காரலாம்.) அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சென்னையில் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து, ஈரத் துணியைப் பிழிவதுபோல மனிதர்களை மூட்டு மூட்டாகப் பிழிந்துவிட்டுப் போயிருந்தது. கொசுதான் அதைச் சுமந்து போகிறது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கொசு பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பறக்கும் என்பதுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி முகாம் எங்கள் தெருக்கோடியில் வாடகைக்கு வீடு பிடித்தது. அதில் நான் தற்காலிக உதவியாளன்.

முகாமுக்குத் தலைமை ஒரு டாக்டரம்மா. ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, சிரிக்க நேரமில்லாத முகம். வேலை எளிதானதுதான். கொசுக்களை முட்டையிலிருந்து வலைக்கூண்டில் வளர்க்க வேண்டும். வளர்ந்ததும் ரோஜா நிறப் பொடியைத் தூவி ஓரிடத்தில் திறந்துவிட வேண்டும். பிறகு வீடு வீடாகப் போய், ரோஜா நிறக் கொசு எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் அதுகளுக்குப் பசிக்குமே? அதற்குத்தான் என் இடது கை.

"இதோட மூளை கசகசாவைவிடச் சின்னது, சபாபதி" என்பார் டாக்டரம்மா, என் கை தடிப்பதை ரசித்தபடி. "ஆனா மூச்சுக்காத்து, வேர்வை வாசனை, உடம்புச் சூடு எல்லாத்தையும் கூட்டிப் பார்த்து, கூட்டத்துல ஒரு ஆளைத் தேடிப் பிடிச்சிடும். அந்தக் கணக்கை எப்படிப் போடுதுன்னு இன்னும் ஒருத்தருக்கும் பிடிபடலை."

எனக்கும் கணக்கு வராது. ஆகவே எனக்குக் கொசுவின் மேல் ஒரு மரியாதை.

இந்தச் சமயத்தில்தான் என் அம்மா, எதிர் வரிசை ஏகாம்பரம் மாமாவின் மகள் குமுதாவை எனக்குக் கேட்டாள். மாமா பட்டுச்சேலை நெய்பவர். எதையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்பா, காலேஜு படிச்ச புள்ளை, கொசுவுக்குச் சோறு போட்டுக்கினு இருக்கியாமே? அதெல்லாம் ஒரு உத்தியோகமா?"

உள்ளறையில் வளையல் சத்தம் நின்றது. குமுதா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்புறம் என் வாய் என் வசத்தில் இல்லை.

"மாமா, அது சாதாரணக் கொசு இல்லை. ஒவ்வொண்ணுக்குள்ளயும் வைரஸ். ஒண்ணு வெளியில போச்சுன்னா நம்ம தெரு காலி. ரெண்டு போச்சுன்னா வாலாஜாபாத் வரைக்கும் காலி. உயிரைக் கையில புடிச்சுக்கினு வேலை பாக்கறேன்."

(உண்மை என்னவென்றால், காய்ச்சல்காரனைக் கடித்தால்தான் கொசுவுக்கு வைரஸ் ஏறும். எங்கள் கொசுக்கள் பிறந்ததிலிருந்து கடித்த ஒரே ஆள் நான். அதுகளைப்போலச் சுத்தமான கொசு ஜில்லாவிலேயே கிடையாது. டாக்டரம்மா முதல் நாளே நடத்திய பாடம் இது.)

மாமா, "யோசிச்சுச் சொல்றேன்பா" என்றார்.

காரியம் முடிந்தது என்று நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன். டீக்கடையில் அதையே சொன்னேன். முடிவெட்டும் கடையில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் காலியாகிற ஊர்க்கணக்கில் ஒன்று கூடியது. வாரக் கடைசியில் தென்னேரி ஏரியைத் தாண்டிவிட்டேன். எத்தனையாவது தடவையோ தெரியாது, நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானம் பதில் சொல்வதாக மாமா சொல்லி அனுப்பியிருந்தார். அன்று காலையில், கொசுக்களைத் திறந்துவிட, சைக்கிள் கேரியரில் கூண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உள்ளே பொடி பூசிய கொசுக்கள். பசியோடு விட்டால்தான் நன்றாகத் தேடும் என்று டாக்டரம்மா முந்தின நாள் தீனியை நிறுத்திவிட்டார்.

தெருவில் பாவு போட்டிருந்தார்கள். சேலைக்கான நீளவாட்டு இழைகளை மொத்தமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் பிரித்துக் காயவைப்பதுதான் அது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் மந்திரி வந்தாலும் ஓரமாகத்தான் போக வேண்டும். அன்றைக்குப் பாவு ஏகாம்பரம் மாமாவுடையது. அரக்கு நிறம். அறுந்த இழைகளை முடிந்துகொண்டு நடுவில் குமுதா நின்றிருந்தாள்.

நான் ஒரு கையை விட்டுவிட்டு ஸ்டைலாக ஓட்டிக் காட்டினேன்.

சைக்கிள் சாக்கடைக்குப் போனது. கூண்டு தெருவுக்குப் போனது. வலை கிழிந்து, ரோஜா நிறத்தில் ஒரு மேகம் எழுந்தது.

"ஓடுங்க! வைரஸ்! எல்லாரும் ஓடுங்க!" என்று அலறினேன்.

ஒருவரும் அசையவில்லை. ஈரப் பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிற நெசவாளி இன்னும் பிறக்கவில்லை.

"கஞ்சி காயுதுப்பா" என்றார் மாமா, கையை நிறுத்தாமல். "முடிச்சுட்டு ஓடறோம்."

"ஒண்ணு போனாலே தெரு காலின்னியே, இதுல எத்தினி இருக்குது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா.

"எண்ணலைக்கா!"

"அப்போ பெங்களூர் வரைக்கும் போவுமா?"

கொசுக்கள் பெங்களூருக்குப் போகவில்லை. தெரு முழுக்க ஆட்கள் நிற்க, தினமும் சோறு போட்டவனை அந்தக் கசகசா மூளை சரியாகக் கண்டுபிடித்தது. கழுத்தில், காதில், கண்ணிமையில் வந்து உட்கார்ந்தன. பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்த என் மூளையோ, முதல் நாள் பாடத்தைச் சுத்தமாகத் துடைத்துப்போட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். நேராகப் பாவுக்குள்.

விழுந்தபோது சில இழைகள் அறுந்தன. மற்றதெல்லாம் கை, கால், கழுத்து என்று என்னைச் சுற்றிக்கொண்டன. உதறப் போனேன்.

"ஆடாம படுங்க!" தலைக்கு மேலே குமுதாவின் குரல். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "ஆடுனீங்கன்னா மிச்சமும் அறுந்துடும்."

கல்லாகக் கிடந்தேன். அவள் ஒவ்வோர் இழையாக என் மேலிருந்து பிரித்தாள். கஞ்சி காதுக்குள் ஒழுகியது. கொசுக்கள் பந்தியில் உட்கார்ந்தன.

"குமுதா, நான் சாகப் போறேன்" என்றேன்.

"எப்போ?"

"நாலஞ்சு நாள்ல."

"அதுக்குள்ள பிரிச்சுடலாம். கழுத்தை இந்தப் பக்கம் திருப்புங்க."

"நீ வேற நல்ல இடமா பாத்து..."

"வாயை மூடுங்க. கஞ்சி உள்ள போவுது."

அப்போதுதான் கையில் கண்ணாடிக் குழாயோடு டாக்டரம்மா ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "அசையாதீங்க, சபாபதி! பிரமாதம்!" என்று பக்கத்தில் உட்கார்ந்து, ரோஜா நிறக் கொசுக்களை ஒவ்வொன்றாகக் குழாயில் உறிஞ்சிப் பிடித்தார்.

"டாக்டரம்மா, வைரஸ்..." என்று முனகினேன்.

"இதுங்களுக்கு ஏது வைரஸ்?" தெருவுக்கே கேட்டது. "உங்க ரத்தத்தைத் தவிர இதுங்க வேற எதைக் குடிச்சிருக்கு?"

மாமாவின் கை நின்றது. குனிந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ நீ சொன்னதெல்லாம்?"

"புளுகு, மாமா."

"ஒண்ணுத்துலயும் இல்லையா?"

"ஒண்ணுத்துலயும் இல்லை."

மாமா பெரிதாக மூச்சு விட்டார். "அடப்பாவி! மொதல்லயே சொல்றதுக்கு என்னாடா? மத்தியானம் உங்கம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடறதா இருந்தேன். தெனம் எமனோட சடுகுடு ஆடறவனுக்கு எந்தத் தகப்பன் பொண்ணு குடுப்பான்? வெறுங்கொசுதானா? அது எங்க வீட்லயும்தான் இருக்குது." மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

குமுதா ஓர் இழையை முடிந்து, நுனியைக் கிள்ளினாள். "அவ்ளோ கடி கடிச்சும் ஆடாம படுத்துக்கினு இருந்தாரு. அதுக்கப்பறம் ஒரு இழைகூட அறுக்கல. சொன்ன பேச்சு கேக்குற ஆளுதான்."

தெரு சிரித்த சிரிப்பில், அன்று பாவு சீக்கிரம் காய்ந்துவிட்டது என்று இன்றும் சொல்கிறார்கள்.

கல்யாணத்துக்கு டாக்டரம்மா வந்தார். "அன்னைக்கு விட்ட கொசு எவ்வளவு தூரம் பறந்துதும்மா?" என்று கேட்டேன். "எங்க பறந்துது? பூரா உங்க மேலதான் இருந்துது. அந்தக் கணக்கையே அடிச்சிட்டேன்" என்றார் வருத்தமாக. மாமா கொடுத்த சீர்வரிசையில், குத்துவிளக்குக்கும் முன்னால், தாம்பாளத்தில் ஒரு கொசுவலை ஊர்வலமாக வந்தது. சாயப்பட்டறையில் நின்று அவரே சொல்லிப் போட வைத்த ரோஜா நிறம்.

இருபது வருஷமாகிறது. அந்த வலைக்குள் குமுதாவும் பிள்ளைகளும் படுக்கிறார்கள். நான் வெளியே, வாசற்படியோரம். எனக்கும் ஒரு வலை வாங்கலாம் என்று பேச்செடுத்தால் மூத்த மகள் சொல்கிறாள்: "வேணாம்பா. பாவம், உன்னை நம்பி எவ்ளோ தூரத்துலேருந்து வருதுங்க."