அப்பாவை நாற்பது நிமிடம் சாகடித்த ஒத்திகை சார்

வந்து நிற்கிறவரிடம் முதல் வார்த்தையாக “உக்காருங்க, நீங்க செத்துட்டீங்க” என்று சொல்லியும் இதுவரை ஓர் அடிகூட வாங்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஓசூரில் இருக்கிறார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே ஒரு மேசை, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். பத்திரம் எழுதுபவர். சொந்தப் பெயர் போர்டில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் ஒத்திகை சார்.

உயில் எழுதவேண்டும் என்று போனால் உடனே பேனாவைத் திறக்கமாட்டார். உயில்காரரைச் செத்தவராக அறிவித்து நாற்காலியில் உட்கார வைப்பார். அவர் இல்லாத முதல் நாளைக் குடும்பம் அங்கேயே நடத்திக் காட்டவேண்டும். எங்கெங்கே இடிக்கிறதோ அதைத்தான் எழுதுவார். ஆளைப் பொறுத்துத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ சாகடிப்பார். காது மந்தமான பெரியவர் ஒருவருக்கு எது புரியுமென்று தெரியாமல் மூன்றிலும் சொல்லிவிட்டாராம். “ஒரு தடவ செத்தா பத்தாதாப்பா?” என்றிருக்கிறார் பெரியவர்.

நான் அவரிடம் போனது தம்பி கோபிக்காக. கோபிக்கு முப்பத்தாறு வயது. பிறந்ததிலிருந்தே அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. தெருவைத் தனியாகத் தாண்ட மாட்டான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு, ஹாரன் சத்தத்தை வைத்தே ராயக்கோட்டை பஸ் எது, ஊத்தங்கரை பஸ் எது என்று சொல்லிவிடுவான். அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே அப்பாதான். அப்பாவுக்கோ எழுபத்தாறு. உயில் எழுதினால் அடுத்த மாதமே ஆள் காலி என்பது அவர் நம்பிக்கை. இதயத்தில் ஸ்டென்ட் வைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டார்: “எனக்கப்புறம் இவனுக்கு யாருடா?”

“நான் இருக்கேன்ல?” என்றேன். பதினைந்து வருடமாக இதை நெஞ்சைத் தட்டிச் சொல்லிவருகிறேன். தட்டியதில் நெஞ்சுக்குத்தான் நல்ல உடற்பயிற்சி.

அப்பா, கோபி, என் மனைவி மஞ்சுளா, நான் என்று நால்வரும் போய் உட்கார்ந்தோம்.

“பெரியவரே, நீங்க காலைல ஆறு மணிக்குச் செத்துட்டீங்க. வாயத் தொறக்கப்படாது.”

“ஆறுக்குங்களா? நான் அஞ்சுக்கே எந்திரிச்சிருவனுங்களே!”

“செத்தவங்க பேசப்படாதுங்க.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, மணி எட்டு. கோபிக்கு மாத்திரை குடுங்க. எது?”

“வெள்ளைங்க சார்.”

“டேய், வெள்ளையில ரெண்டு இருக்குதுடா!” என்றார் செத்தவர்.

“பெரியவரே!”

“சரிங்க, சரிங்க. செத்துட்டேன்.”

மஞ்சுளாதான் காப்பாற்றினாள். “சின்ன வெள்ளையில பாதி, மஞ்சள்ல ஒண்ணுங்க. வாழப்பழத்துக்குள்ள வெச்சாத்தான் முழுங்குவாப்ல.”

அடுத்த கேள்வியும் எனக்கே வந்தது. “கோபியோட மாற்றுத்திறனாளி அட்டை எங்க?”

“பீரோவுல.”

“பீரோ சாவி?”

அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணை இறுக மூடியபடி அரைஞாணைத் தடவினார்.

“செத்தவரு சாவியோட போயிட்டாரு” என்று எழுதிக்கொண்டார் ஒத்திகை சார். “சரி, கோபிக்கு அவசரமா ஆபரேஷன். கையெழுத்து யாரு?”

“அண்ணன், நான்தான்.”

“அதுக்கு உங்ககிட்ட என்ன காகிதம் இருக்குது? பதினெட்டு தாண்டினா உங்க அப்பாவே கார்டியன் கெடையாது தம்பி. தனியா உத்தரவு வாங்கணும்.”

செத்தவர் துள்ளி எழுந்தார். “பெத்த அப்பனுங்க நானு!”

“பெத்தது சரிங்க. உத்தரவு கிருஷ்ணகிரில கலெக்டர் ஆபீஸ்ல இருக்குதுங்க. உக்காருங்க, இன்னும் அடக்கமே ஆகல.”

அப்பா இப்படிப் பேசிக்கொண்டே செத்ததால் கோபி பயப்படவே இல்லை. ரப்பர் ஸ்டாம்பை எடுத்துத் தன் முழங்கை வரை குத்திக்கொண்டிருந்தான்.

நாற்பது நிமிடம் கழித்து அப்பாவுக்கு உயிர் கொடுத்துவிட்டு எனக்கு மார்க் போட்டார். “நூத்துக்கு அஞ்சு தம்பி. அதுவும் வந்து உக்காந்ததுக்கு.” தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். முடியளவு பிசகிய நட்டுக்குக்கூடச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பவன். அன்றைக்கு என் நெற்றியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் இல்லாததுதான் குறை.

வீடு பிள்ளைகள் இருவருக்கும், அதில் கோபிக்கு ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை என்று உயில் எழுதிப் பதிவானது. மாத்திரை, வாழைப்பழம், சாவி எல்லாம் தனித்தாளில் ஏறின. கார்டியனாக யார் பெயரில் மனுப் போடுவது என்று ஒத்திகை சார் என்னைக் கேட்கவே இல்லை. மஞ்சுளாவின் பெயரை எழுதிவிட்டார். கிருஷ்ணகிரி விசாரணையில் அதிகாரி அம்மாள், “யாருகூடப்பா இருப்ப?” என்று கோபியைக் கேட்டார்.

“அண்ணி” என்றான் கோபி. பிறகு என்னைக் காட்டி, “அண்ணன் கத்துக்கிறான்” என்றான்.

சில வாரங்களில் மஞ்சுளா பெயரில் உத்தரவு கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, கோபி எங்கே என்று நிமிடத்துக்கொரு தரம் திரும்பிப் பார்க்கிற அப்பா, சூளகிரி தாண்டியும் வாயைப் பிளந்து தூங்கினார். ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று எதிலும் சாகவில்லை. இப்போது தெருவில் எல்லோரையும் உயில் எழுதச் சொல்லி விரட்டுகிறார்.

போன மாம்பழ சீசனில் ஒரு கூடை எடுத்துக்கொண்டு நானும் கோபியும் ஒத்திகை சாரிடம் போனோம்.

“ஊருக்கெல்லாம் பாக்கறீங்க. உங்களுக்கு எப்ப சார் ஒத்திகை?”

“ஒத்திகைக்கு எதிர் நாற்காலில உக்கார குடும்பம்னு ஆள் வேணும்ல தம்பி” என்று சிரித்தார்.

“நாங்க ரெண்டு பேரு உக்காந்திருக்கோமே! நீங்க செத்துட்டீங்க, வாயத் தொறக்கப்படாது.”

சரியென்று சாய்ந்து கண்ணை மூடினார். அப்பா மாதிரி இல்லை. தொழில் தெரிந்தவர், அசையாமல் செத்தார். கோபி ஸ்டாம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். “எந்திரி சார், எந்திரி!”

கேட்பதற்கென்று நானும் நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேன்.

“போதும், எந்திரிங்க சார்” என்றேன். நான் உலுக்கிக்கொண்டிருந்தது அவருடைய இன்னொரு தோள்.