துஆவுக்கு ஆமீன், தலைவருக்கு ஓட்டு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மஜீது காக்காவுக்கு, சிங்கப்பூரிலிருந்து தங்கை ருக்கையாவின் ஸலாம். உங்கள் முழங்கால் வலியும் நஃபீசா மைனியின் சர்க்கரையும் குறைய அல்லாஹ் கிருபை செய்யட்டும். இங்கே எல்லாரும் நலம், நீங்கள் அனுப்பி வைத்த மருமகன் ஃபாரூக்கைத் தவிர.

சங்கத் தலைவர் பதவியை ராஜினாமா செய்து அஹமது கபீரிடமே திருப்பிக் கொடுக்கும்படி எழுதியிருக்கிறீர்கள். மாட்டேன். தேக்காவில் நம் ஊர்க்காரர் சங்கம் தொடங்கிய நாள் முதல் தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆண்டு விருந்தில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பிரியாணி சஹன் தட்டு வருவதற்கு முன் துஆ ஓதுவார்கள். நோய் தீர, மழை பெய்ய, பிள்ளைகள் படிக்க என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 'அஹமது கபீர் அவர்களே தலைவராக நீடிக்க' என்று நைசாகச் செருகிவிடுவார்கள். துஆவை யார் எதிர்ப்பது? பசி வேறு. எல்லாரும் ஆமீன். போன வருஷம் ஜூரோங் கப்பல் பட்டறையில் கை நசுங்கிய நம்மூர் ரமீஸுக்கும் இதே சங்கம் துஆ செய்து ஆமீன் சொன்னது. அதோடு சரி. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போனதும், கம்பெனிக்காரரிடம் அவனுக்காக வாதாடியதும், சந்தா கட்டிவிட்டுத் திரைக்குப் பின்னால் உட்காரும் பெண்கள் நாங்கள்தான். அதனால்தான் இந்த வருஷம் திரையை விலக்கி எழுந்து நின்று, "துஆவுக்கு ஆமீன். தலைவருக்கு ஓட்டு வைங்க. நான் நிக்கிறேன்" என்றேன். "பொம்பளைக்கு எதுக்கு லா இந்த வேலை?" என்றார் கபீர். நாட்டுக்கே ஒரு பெண் அதிபராக இருந்துவிட்டுப் போன ஊர் இது, நம் சங்கத்து மாடிப்படி அதிபர் மாளிகையைவிட உயரமா என்று கேட்டேன். அடுத்த மாதம் இன்னொரு விருந்து வைத்து ஓட்டெடுப்பு நடத்துவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அங்கேதான் நீங்கள் நுழைந்தீர்கள். புதிய ஜனநாயகம் வெளியிலிருந்து ஆதரவு இல்லாவிட்டால் நொண்டும் என்று சொல்லி, ஊரிலுள்ள தாய்ச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் ஃபாரூக்கைத் தேர்தல் பார்வையாளராக விமானம் ஏற்றினீர்கள். வந்தவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதல் சட்டம் போட்டார். "பசியோட ஓட்டுப் போட்டா கோவத்துல போடுவாங்க மாமி. மொதல்ல சாப்பாடு, அப்புறம் ஓட்டு." கபீருக்கும் சம்மதம், பிரியாணி அவர் செலவு. நம் வழக்கம்தான் தெரியுமே. முதல் பந்தி ஆண்களுக்கு. சஹன் காலியானதும் கை கழுவுவார்கள், பல் குத்துவார்கள், கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கும் அப்படியே. ஃபாரூக் படிக்கட்டு வரை ஓடி, "அண்ணே, ஓட்டு அண்ணே" என்று கெஞ்சினார். "அதான் ஆமீன் சொல்லிட்டோமே, கம்பெனி பஸ் போயிடும் லா" என்று இறங்கியே போய்விட்டார்கள். பெண்கள் நாங்கள் எங்கே போவது? இனிமேல்தான் சாப்பிட வேண்டும், அப்புறம் சஹன் கழுவ வேண்டும், நடுவில் ஓட்டும் போட்டோம். பெட்டியைத் திறந்தால் கபீருக்கு ஒரே ஓட்டு, அதுவும் அவர் போட்டது. அவர் வீட்டம்மா பக்கத்தில் நின்று நிம்மதியாகச் சஹன் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது தேர்தல் செல்லாது என்கிறீர்கள். பார்வையாளர் உங்கள் ஆள், நேரம் குறித்தது உங்கள் ஆள், முடிவு மட்டும் எங்கள் குற்றமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் யாரையும் கதவைப் பூட்டித் தடுக்கவில்லை. ரமீஸுக்கு நஷ்டஈடு கேட்டு மனு என் கையெழுத்தோடு போய்விட்டது. கபீர் காலத்தில் போகாத மனு அது. பதில் வரும்வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், வந்த பிறகும் யோசித்துத்தான் எழுந்திருப்பேன். ஒன்று மட்டும் பணிவாகச் சொல்கிறேன். அவரவர் தேர்தலை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் தாண்டி மூக்கை நுழைப்பது யாருக்கும் அழகல்ல.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் ஆயுள் நீளவும் கோபம் குறையவும் துஆ செய்கிறேன். ஆமீன்.

தங்கை,
ருக்கையா
(சங்கத் தலைவர்)

பி.கு.: முதலில் சாப்பாடு, பிறகு ஓட்டு என்பது ஃபாரூக்கின் சொந்த யோசனை இல்லை. அவருடைய மாமியார், அதாவது உங்கள் மனைவி நஃபீசா மைனி, நீங்கள் மதியம் தூங்கும்போது உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து போனில் சொன்னது. திரையை விலக்கி நான் பேசிய பேச்சும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஃபாரூக் உங்களுக்குப் பயந்து இன்னும் என் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறார். தாய்ச் சங்கத்தின் அடுத்த விருந்தில் மைனி உங்களை எதிர்த்து நிற்கிறார். பார்வையாளராக நான் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. சாப்பாட்டு நேரத்தை மட்டும் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.