சர்வரில் வந்த பெரியப்பா

கம்ப்யூட்டர் படித்தவனுக்குப் பேய் பயம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். சூலியா தெருவில், நாணய மாற்றுக் கடைக்கு மேலே இருந்த எங்கள் அலுவலகத்தில், பட்டப்பகலில் நாற்காலி மேல் ஏறி நின்று அலறிய நாள்வரைக்கும்.

அன்று என் பெரியப்பா கோவிந்தனுக்குப் பதினாறாம் நாள் காரியம். பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருந்தவர். "வந்துருவல்ல ரவி?" என்று பெரியம்மா காலையிலும் போன் செய்தார். "சர்வர் டெஸ்ட் இருக்கு பெரியம்மா, வேலை போயிரும்" என்றேன். பாதிப் பொய். ஒருநாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. டெஸ்ட் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி ஜமால் அண்ணன் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. (பெரிய்ய விஞ்ஞானி பாரு!)

வேலை இதுதான். எந்த மரத்தில் பழம் விழுந்தது என்பதைத் தோட்டக்காரர் போனில் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவார். அந்தப் பதிவு பிளாக்செயின் சங்கிலியில் ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது. எல்லாத் தோட்டத்துப் பதிவும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் கந்தல். அதனால் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசை மாதிரி நிற்கவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே அனுப்ப ஒரு சர்வர். அதை அமைத்த மேதை அடியேன்.

முதல் அரைமணி நேரம் வரிசை காலியாக இருக்கவேண்டும். பிறகுதான் நான் சோதனைப் பதிவுகளை அனுப்புவேன். ஜமால் அண்ணன் கீழே போய்விட்டார். வெளியே மழை இருட்டு. பழைய மரத்தரை யாரும் மிதிக்காமலே முனகியது. திரையில் ஒரு வரி வந்தது.

"கோவிந்தன், பாலிக் புலாவ். மரம் 7. ஒரு பழம் விழுந்தது."

முதுகு சில்லிட்டது. அழிக்கப் போவதற்குள் அது சங்கிலிக்குள் போய்விட்டது. அடுத்த வரி: மரம் 3. ஒரு பழம் விழுந்தது. மறுபடி மரம் 7. யாரோ தோட்டத்துக்குள் அவசரமே இல்லாமல் நடந்து, குனிந்து குனிந்து எடுப்பது போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அறைக்குள் டுரியான் வாசம் வந்தது, சத்தியமாக! (நான் தேறினால் கொண்டாட வாங்கிவைத்த பழத்தை ஜமால் அண்ணன் பொறுக்கமாட்டாமல் கீழே உடைத்துவிட்டார். அப்போ எனக்கு எப்படித் தெரியும்?)

பயந்தவன் சும்மா இருக்கலாம் அல்லவா? கூட வேலை செய்கிற எவனோ விளையாடுகிறான் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, பதில் அனுப்பும் பெட்டியில் தட்டினேன்: "யார்டா நீ? தைரியம் இருந்தா நேர்ல வா."

அனுப்பிய மறுநொடி மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாற்காலி மேல் ஏறியது அப்போதுதான். "பெரியப்பா, மன்னிச்சிருங்க! காரியத்துக்கு வந்திருக்கணும், தப்புதான்!" என்று கத்தினேன். கதவு திறந்தது. கையெல்லாம் டுரியானோடு ஜமால் அண்ணன் நின்றார்.

"ஓய், என்னா லா ஆச்சு ஒனக்கு?"

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. பெரியப்பா மகன் சேகர் அண்ணன். பின்னால் ஒரே கூச்சல். "டேய் ரவி! அப்பா போன்ல மெசேஜ் வருதுடா! படையல் முன்னாலயே! நேர்ல வான்னு கூப்புடுறாருடா! மாமா மயங்கி விழுந்துட்டாரு!"

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரியப்பா போனில் அந்தப் பொத்தானைப் போட்டுக் கொடுத்தவன் நானே. அப்போது சர்வர் கிடையாது. அவர் அழுத்தியதெல்லாம் போய்ச்சேர இடமில்லாமல் போனுக்குள்ளேயே காத்துக் கிடந்தது. அவர் போனபிறகு போனும் அணைந்துவிட்டது. படையலில் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள் இல்லையா? பால் சேர்க்காத கோப்பி ஓ, சுருட்டு எல்லாம் வைத்த பெரியம்மா, அவர் போனையும் சார்ஜ் போட்டு, உயிர்ப்பித்து, படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.

ஜமால் அண்ணன் திரையைப் பார்த்தார். மொத்தம் நாற்பத்தொரு பதிவுகள், ஒன்றுகூட வரிசை மாறவில்லை. "வரிசை பாஸ்" என்றார். பிறகு இன்னும் குனிந்தார். "ஆனா தம்பி, இது டெஸ்ட் சங்கிலி இல்ல லா. அசல் சங்கிலில மாட்டி வச்சிருக்க." என் வீர வசனமும் சேர்ந்து ஏறியிருந்தது. இனி அது அழியாது. வேலை நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

"என் கெரெத்தாவ எடுத்துட்டு போ. மொதல்ல அந்தம்மா கால்ல விழு."

அவர் காரில் போய், விழுந்து, உண்மையைச் சொன்னேன். பெரியம்மாவுக்கு அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "முப்பது வருசம் சமைச்சு போட்டவள யார்டா நீன்னு கேட்டுட்டாரேன்னு அழுவுறேன். நீயாடா அது?" என்று கரண்டியால் தலையில் ஒன்று போட்டார். பிறகு எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார். நாற்பத்தொன்றையும் வாசித்தேன். கடைசிப் பழம் மரம் 7, அவர் இறந்த அன்று காலை. "அன்னைக்கு கோப்பிகூட குடிக்காம தோட்டத்துக்கு போனாரு" என்றார் பெரியம்மா. அந்த மனிதருக்காக ஒருநாள் லீவு கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது. எல்லார் முன்னாலும் அழுதேன்.

இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால் எனக்குத் தனியாக அழைப்பு கிடையாது. பெரியம்மா, பெரியப்பாவின் போனிலிருந்து ஒரே வரி அனுப்புவார்: "யார்டா நீ? தைரியம் இருந்தா நேர்ல வா." என் போன் திரையில் பெரியப்பா பெயரைப் பார்த்ததும் இன்றைக்கும் முதுகு சில்லிடும். உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரில் போய்விடுவேன்.