காணாமல் போன அறுபத்தொன்பது

"இந்த வீட்டில் இனி எல்லாம் சரிபாதி!" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகடனம் செய்தார் தராசு. எடையளவு ஆய்வாளருக்கு ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் அது. இருபத்தாறு வருஷமாகக் கடைகடையாக ஏறி, வியாபாரிகளின் வயிற்றில் புளியைக் கரைத்தவர்.

சரிபாதியாகப் போவது புது ஹார்டு டிஸ்க். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போடுவதற்குள் வீடியோக்களை இதற்கு மாற்றியாக வேண்டும். தராசு நடத்திய சோதனைகளின் வீடியோ நானூற்றுத் தொண்ணூறு ஜிபி. மனைவி எடுத்த மகளின் வீடியோ நானூற்று ஐம்பது. டிஸ்க் பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருக்க, கம்ப்யூட்டர் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றுதான் காட்டியது.

கடைக்காரரை உலுக்கி எடுக்கப் போனவர் பாடம் கேட்டுத் திரும்பினார். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கட்டி எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலாகக் கட்டுகிறது. கட்டு பெரிதானால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? டிஸ்க்கில் துளியும் குறைவில்லை.

நியாயப்படி ஆளுக்கு நானூற்று அறுபத்தைந்து. அப்படியானால் அவருடைய வீடியோவில்தான் கைவைக்க வேண்டும். வரும் வழியிலேயே தராசுக்கு யோசனை பிறந்துவிட்டது.

"ஆளுக்கு ஐநூறு. ஆனா அறுபத்தொன்பதைக் கம்பெனிக்காரன் முழுங்கிட்டான். என் ஐநூறை நான் எடுத்துக்கிட்டேன். குறையறது உன் பங்குல, உனக்கு நானூற்று முப்பத்தொண்ணு."

தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, அது ஏன் என் பங்குல?"

"டிஸ்க் வேணும்னு கேட்டது யாரு?"

"நான்தான். அப்போ நான் பத்தொன்பது ஜிபியை அழிக்கணும்."

"ஆமா."

"எனக்குக் கை வராதுங்க. நீங்களே பாத்து அழிச்சிடுங்க."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று தராசு எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்தார். மகளின் வீடியோ வரிசையில் முதலாவதைத் திறந்தார்.

இப்போது கடல் தாண்டி வேலை பார்க்கும் மகள், அதில் ஆறு வயசுக்காரி. பொம்மைத் தராசில் நூல்கண்டு நிறுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விரலை நீட்டினாள். "அம்மா, தட்டை அழுத்தாதே! எங்கப்பா வந்தா பிடிச்சுடுவாரு. அவரு யாரையும் ஏமாத்தவே மாட்டாரு, தெரியுமா?"

அம்மாவின் சிரிப்பு கேட்டது. அப்பாவைக் காணோம். அன்றைக்கு அவர் எந்தக் கடையில் யாருடைய எடைக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தாரோ! இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு தன்னுடைய சோதனை வீடியோக்களைத் திறந்து, இருபத்தைந்து ஜிபியை மளமளவென்று அழித்தார்.

மெஷின் பக்கம் போய் நின்றார். "இந்தாம்மா, கம்பெனிக்காரன் ஒண்ணும் முழுங்கலை. நான்தான் எனக்கு ஒரு அளவு, உனக்கு ஒரு அளவுன்னு வச்சுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"வாங்கின அன்னைக்கே கடைக்காரர் எனக்கு விளக்கிட்டாரு."

"அப்புறம் ஏன் என்கிட்ட சண்டை போடலை?"

அவள் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"எதுக்குங்க சண்டை? அந்த வீடியோவை வரிசையில முதல்ல எடுத்து வச்சேன், போதாதா?"