பதினோரு மாதப் புராதனம்

மற்ற நகரங்கள் ஒரு ரோமானிய அரங்கத்துக்காக இரண்டாயிரம் வருடம் காத்துக்கிடந்தன. வளைகுடாவின் அந்த மாநகரமோ பதினோரே மாதத்தில் ஒன்றைக் கட்டி, பழையதாக்கியும் காட்டியது. மனிதகுலம் எழுந்து நின்று கைதட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

கட்டியவர் குளச்சல் தேவசுந்தரம், போர்மேன். அவர் செய்த ஒரே தவறு, நன்றாகக் கட்டியது.

"என்ன தேவசுந்தரம், புதுசு மாதிரி நிக்குது?" என்று அதிர்ந்தார் சிவசங்கரன். சென்னையிலிருந்து தருவிக்கப்பட்ட 'தொன்மை ஆலோசகர்'. "மேல் வரிசையை இடிங்க. வரலாறு தெரியணும்."

இடித்தார். இடிபாடு ஆபத்தானது, உடனே பூசவும் என்றார் பாதுகாப்பு அதிகாரி. பூசினார். ஆலோசகர் மறுபடி இடிக்கச் சொன்னார். கடைசியில் கூட்டம் போட்டு, 'பாதுகாப்பாக இடிந்து விழுந்த நிலை' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். விழுந்த கற்கள் விழாமலிருக்க போல்ட் போட்டு இறுக்கப்பட்டன.

தேவசுந்தரத்துக்கு வரலாறு எக்கேடு கெட்டாலும் சரி, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

"சார், எனக்க மவ அஜிஷாவுக்கு திங்கக்கெழம கல்யாணம். பாஸ்போர்ட்ட தந்தா போயிருவேன்" என்று ஆலோசகரிடம் கெஞ்சினார்.

"ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. முடிஞ்சதும் ராத்திரி பிளைட். நீங்க இல்லாம எப்படி? நீங்கதானே அடிமை!"

விருந்தினர்களுக்கு நிஜ ரோமாபுரியைக் காட்ட, சாக்குத் துணி கட்டிக் கல் சுமக்கும் அடிமைகள் தேவைப்பட்டார்கள். நடிகர்கள் என்றால் செலவு. தொழிலாளர் கேம்பில் ஆட்கள் சும்மாதானே இருக்கிறார்கள்?

விழா மாலையில் தலைமை விருந்தினர் ஆமிரா, கல்லோடு நின்ற தேவசுந்தரத்திடம் கனிவாக, "அடிமையே, உனக்கு என்ன வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இதை விட்டால் வேறு வழியில்லை. தேவசுந்தரம் கல்லைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்தார்.

"மேடம், நாளைக்கு மவளுக்கு கல்யாணம். பாஸ்போர்ட்ட கம்பெனி வச்சிருக்கு. என்னய வீட்டுக்கு விடச் சொல்லுங்க மேடம்!"

சிவசங்கரன் பூரித்துப்போய் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. ஆமிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படியொரு நடிப்பை உலகம் பார்க்க வேண்டும் என்றார்.

"பின்னிட்டீங்க!" என்று ஆலோசகர் தோளில் தட்டினார். "சீசன் முடியிற வரைக்கும் தினம் ஷோ. லீவு கலாஸ்."

திங்கட்கிழமை அஜிஷாவுக்குத் தாலி ஏறிய நேரத்தில், அப்பா ஒத்திகையில் அழுதுகொண்டிருந்தார். தத்ரூபம் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த அரங்கத்தில் அசல் ரோமாபுரிச் சரக்கு ஒன்றாவது உண்டா என்று நக்கலடித்தவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம். ஒன்று உண்டு. அதன் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.